நினைவுத்தூணும் சூடான வர்க்கியும்: வெலிங்டனில் ஒரு மாலை நடை வேண்டும்

ஊட்டி போய்வந்த யாரையாவது நிறுத்தி என்னென்ன பார்த்தீர்கள் என்று கேளுங்கள். தாவரவியல் பூங்கா, படகு வீடு, தொட்டபெட்டா என்று பட்டியல் வரும். பையைத் திறந்தால் சாக்லேட்டும் வர்க்கியும் இருக்கும். குன்னூர் என்றால் சிம்ஸ் பார்க், டால்பின்ஸ் நோஸ். இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவில் வெலிங்டன் என்று ஒன்று இருக்கிறதே, அங்கே என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் பதில் வராது. பஸ் ஜன்னல் வழியாக நாலு ராணுவ லாரி, ஒரு மதில் சுவர். அவ்வளவுதான்!

ஆனால் தமிழ்நாட்டில் போரின் நினைவு இவ்வளவு நெருக்கமாகச் சேர்ந்து கிடக்கும் மலைப்பகுதி வேறு இருக்குமா என்பது சந்தேகம். எனவே வெலிங்டனில் தொடங்கி குன்னூர் பஜாரில் முடியும் ஒரு மாலை நடை வேண்டும். வழிகாட்டி ஒருவர் முன்னால் போக, பத்துப் பதினைந்து பேர் பின்னால் நடக்க வேண்டும். வழியில் நினைவிடங்கள், நடுநடுவே இந்த மண்ணின் சாப்பாடு. உலகத்தின் பல ஊர்களில் இப்படி நடக்கிறது. நீலகிரிக்கு மட்டும் என்ன குறை?

உடனே இரண்டு பக்கத்திலிருந்தும் கல் விழும். ஒரு பக்கம், "உயிரைக் கொடுத்தவர்களின் நினைவிடத்துக்குப் போய்விட்டு நொறுக்குத் தீனியா? இது அவமரியாதை" என்பார்கள். இன்னொரு பக்கம், "போரைச் சுற்றுலாப் பொருளாக்கிப் பெருமை பேசப்போகிறீர்களா?" என்பார்கள். இரண்டுமே நியாயமான கேள்விகள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஊரின் பெயரே ஒரு நினைவுச்சின்னம்

வெலிங்டனுக்கு முதலில் அந்தப் பெயர் இல்லை. பக்கத்துப் படுகர் ஊரான ஜகதளாவின் பெயரைத்தான் வெள்ளைக்காரர்கள் 'ஜகட்டாலா' என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1850-களில் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்காகப் பாசறை கட்டினார்கள். 1860 வாக்கில் ஊருக்கு வெலிங்டன் என்று பெயர் மாற்றினார்கள். அது யார் பெயர்? வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த வெலிங்டன் பிரபுவின் பெயர். அதற்கு முன் ஆர்தர் வெல்லஸ்லி என்ற பெயரில் 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானுக்கு எதிராகவும், 1803-ல் அசாயேயில் மராட்டியர்களுக்கு எதிராகவும் போரிட்ட அதே ஆள்தான்.

இங்கிருந்து ஊட்டிக்குப் போனால் 1830-ல் அர்ப்பணம் செய்யப்பட்ட புனித ஸ்டீபன் தேவாலயம் இருக்கிறது. அதன் உத்தரங்களும் மரங்களும் திப்புவின் ஸ்ரீரங்கப்பட்டணத்து அரண்மனையிலிருந்து கொண்டுவரப்பட்டவை. தோற்ற மன்னனின் வீட்டு மரம் ஜெயித்தவர்களின் கோயிலுக்குக் கூரையானது! லவ்டேலில் இருக்கும் லாரன்ஸ் பள்ளி, 1857-ல் லக்னோ முற்றுகையில் இறந்த சர் ஹென்றி லாரன்ஸின் நினைவாக, சிப்பாய்களின் பிள்ளைகளுக்காக 1858-ல் தொடங்கப்பட்டது. அருவங்காட்டில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து கார்டைட் தொழிற்சாலை வெடிமருந்து செய்துகொண்டிருக்கிறது. மலை ரயிலில் போகும்போது அருவங்காடு, வெலிங்டன் என்று ஸ்டேஷன் பெயர்களைப் படித்துவிட்டு மறுபடி தேயிலையைப் பார்க்கத் திரும்பிவிடுகிறோம். அந்தப் பெயர்களுக்குள் இருநூறு வருடத்துப் போர்கள் இருக்கின்றன.

எந்தெந்த இடங்கள்?

முதலில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் போர் நினைவிடம். இந்திய ராணுவத்தின் மிகப் பழைய காலாட்படைப் பிரிவு இது. தன் பிறப்பை 1758-லிருந்து கணக்கிடுகிறது. 1947 முதல் இதன் பயிற்சி மையம் வெலிங்டனில் இருக்கிறது. அதன் சின்னத்தில் உள்ள யானை, மேலே சொன்ன அசாயே போரிலிருந்து வந்த யானை.

இந்த ரெஜிமென்ட்டுக்கு ஒரு காயம் உண்டு. வழிகாட்டி அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயர்கள் 'போர்க்குணம் உள்ள இனம்', 'போர்க்குணம் இல்லாத இனம்' என்று இந்தியர்களைத் தரம் பிரித்தார்கள். தென்னிந்தியர்களை இரண்டாவது பெட்டியில் போட்டார்கள். முதல் உலகப்போர் முடிந்ததும் மெட்ராஸ் படைப்பிரிவுகள் கலைக்கப்பட்டன. இரண்டாம் உலகப்போர் வந்து ஆள் தேவைப்பட்டதும் "வாங்கப்பா" என்று மறுபடி கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டார்கள். சண்டைக்கு லாயக்கில்லை என்று எழுதப்பட்டவர்களின் பிள்ளைகள்தான் பிறகு நாட்டின் எல்லையெல்லாம் நின்றார்கள். நினைவிடத்தில் மௌனமாக நிற்கும்போது இதையும் நினைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது பீல்டு மார்ஷல் சாம் மானெக்‌ஷா. 1971 போரின்போது ராணுவத் தலைமைத் தளபதி. ஓய்வுக்குப் பின் குன்னூரில் வாழ்ந்து, 2008 ஜூன் 27 அன்று வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் காலமானார். ஊட்டியில் பார்சிகளின் கல்லறைத் தோட்டத்தில் மனைவிக்குப் பக்கத்தில் அடக்கம். அவருடைய இறுதிச் சடங்குக்கு குடியரசுத் தலைவரோ பிரதமரோ வரவில்லை என்று அன்றைக்குப் பெரிய விமர்சனம் எழுந்தது. 2009-ல் ஊட்டி – குன்னூர் சாலையில் ஒரு பாலத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். 2014-ல் அதன் அருகே சிலை வந்தது. அந்தப் பாலத்தைக் கடந்து போகும் சுற்றுலா வண்டிகளில் எத்தனை பேருக்கு அது யார் சிலை என்று தெரியும்?

மூன்றாவது, சமீபத்தில் நடந்தது. 2021 டிசம்பர் 8. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத், அவர் மனைவி உள்பட 14 பேர் சென்ற ஹெலிகாப்டர் குன்னூர் அருகே காட்டேரி பக்கத்தில் நஞ்சப்பசத்திரத்தில் விழுந்தது. யாரும் பிழைக்கவில்லை. முதலில் ஓடிப்போனது அங்கிருந்த கூலித் தொழிலாளிக் குடும்பங்கள். குடத்தில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினார்கள். வீட்டில் இருந்த கம்பளிகளைக் கொடுத்தார்கள். டிசம்பர் குளிரில், நீலகிரியில், ஒரு ஏழை வீட்டின் கம்பளி என்பது சின்ன விஷயம் இல்லை. பிறகு ராணுவம் நன்றி சொல்லி, அந்த ஊரை ஒரு வருடம் தத்தெடுப்பதாக அறிவித்தது. வழிகாட்டி இதைச் சொல்லும்போது தளபதியைப் பற்றி எவ்வளவு சொல்கிறாரோ, கம்பளி கொடுத்தவர்களைப் பற்றியும் அவ்வளவு சொல்ல வேண்டும்.

சாப்பாடு எதற்கு?

இப்போது முதல் எதிர்ப்புக்கு வருவோம். நினைவிடமும் சாப்பாடும் ஒன்றுக்கொன்று ஆகாதா?

தமிழனுக்கு அப்படி ஒரு விதியே கிடையாது. போரில் விழுந்தவனுக்குக் கல் நட்டு, அந்தக் கல்லுக்குப் படையல் போட்ட சமூகம் இது. தொல்காப்பியம் நடுகல் நடுவதன் படிகளைச் சொல்லும்போது 'பெரும்படை' என்று ஒன்றைச் சேர்த்திருக்கிறது. இறந்தவனுக்குப் பெரிய அளவில் படைப்பது என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். இன்றைக்கும் தாத்தா பாட்டி திதிக்கு அவர்களுக்குப் பிடித்ததைச் சமைத்து இலை போட்டுவிட்டுத்தான் நாம் சாப்பிடுகிறோம். நீலகிரியிலேயே மேலூர், சோலூர் போன்ற இடங்களில் வீரர் உருவம் செதுக்கிய பழைய கற்கள் இருக்கின்றன. நீலகிரியின் முதல் கமிஷனராக இருந்த பிரீக்ஸ் இந்த மலையின் பழங்குடிகளையும் பழஞ்சின்னங்களையும் பற்றி எழுதிய புத்தகம் 1873-ல் வெளிவந்தது. ஆக, மௌனம் மட்டும்தான் மரியாதை என்பது வெளியிலிருந்து வந்த பழக்கம். அதுவும் நல்ல பழக்கம்தான். ஆனால் சாப்பாடு அவமரியாதை என்பது நம் கணக்கில் இல்லை.

அவமரியாதை எங்கே வருகிறது என்றால், சாப்பாடு வேறு கதை, நினைவிடம் வேறு கதை என்று பிரிக்கும்போதுதான். "இதைப் பார்த்து முடித்தால் பஜ்ஜி கிடைக்கும்" என்று குழந்தைக்கு ஆசை காட்டுவது போலச் செய்தால் அது அசிங்கம். அப்படிச் செய்யத் தேவையே இல்லை. ஏனென்றால் இந்த மலையின் சாப்பாட்டிலேயே போரும் பட்டாளமும் இருக்கின்றன.

வர்க்கியை எடுத்துக்கொள்ளுங்கள். அடுப்பில் விறகு எரித்து, ஈஸ்டுக்குப் பதிலாக முன்கூட்டியே புளிக்கவைத்த மாவுக்காடி சேர்த்து, மடித்து மடித்துச் சுடுகிறார்கள். கடித்தால் பொரபொரவென்று சட்டையெல்லாம் உதிரும். பேக்கரி என்ற தொழிலே வெள்ளைக்காரர்களும் அவர்கள் பட்டாளமும் வந்த பிறகு மலையேறியதுதான். ரொட்டி அவர்களுக்கு, அடுப்படி வேலை நம்மவர்களுக்கு. கடைசியில் வர்க்கி நம்முடையதாகிவிட்டது!

கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் எல்லாவற்றையும் இன்றும் 'இங்கிலீஷ் காய்கறி' என்றுதான் சந்தையில் சொல்கிறார்கள். 1819-ல் இங்கே வந்த கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் காலத்திலிருந்து தொடங்கும் கதை அது.

டீ இன்னும் நேரடியானது. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டன் 1940 ஜூலையில் டீக்கு ரேஷன் போட்டது. ஆளுக்கு வாரம் 2 அவுன்ஸ், அதாவது 57 கிராம் அளவு. குண்டு விழுந்துகொண்டிருந்த நாட்டில் மக்களின் மனத்தைரியத்துக்கு டீ அவசியம் என்று அரசாங்கமே மொத்தமாக வாங்கிப் பங்கிட்டது. அந்தக் கோப்பைகளின் மறுமுனையில் தேயிலைக் காடுகளில் கூடை சுமந்த பெண்கள் இருந்தார்கள். அவர்களுக்கு எந்தத் தூணிலும் பெயர் இல்லை.

இட்லிக்கும்கூட இதில் பங்கு உண்டு. 1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. தென்னிந்தியா முழுக்க அரிசித் தட்டுப்பாடு. பெங்களூரின் எம்.டி.ஆர். தன் ரவா இட்லி பிறந்த கதையாகச் சொல்வது இந்தத் தட்டுப்பாட்டைத்தான். அசைவச் சாப்பாட்டுக் கடைக்கு இன்றும் பல ஊர்களில் 'மிலிட்டரி ஹோட்டல்' என்றுதானே போர்டு தொங்குகிறது? போர் என்பது எல்லையில் மட்டும் நடப்பதில்லை. அடுப்பங்கரைக்கும் வருகிறது. அதைச் சொல்லிக்கொடுக்க ஒரு டம்ளர் டீயைவிட நல்ல பாடப்புத்தகம் எது?

கல் இல்லாதவர்கள்

இரண்டாவது எதிர்ப்பு இதைவிடக் கனமானது. நினைவிடங்கள் எப்போதும் ஜெயித்தவர்களையும் சீருடை போட்டவர்களையும்தான் நினைக்கின்றன. நடையும் அதே பாட்டைப் பாடினால் என்ன பயன்?

இதற்கு ஒரு எச்சரிக்கை தாய்லாந்தில் இருக்கிறது. காஞ்சனபுரி. ஜப்பானியர்கள் 1942–43-ல் போட்ட சயாம்–பர்மா மரண ரயில் பாதை போன ஊர். அந்தப் பாதையில் 12,000-க்கும் மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் இறந்தார்கள். அவர்களுக்கு வரிசை வரிசையாக, புல்வெட்டி, பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. அதே பாதையில் அதைவிடப் பல மடங்கு ஆசியத் தொழிலாளர்கள் செத்தார்கள். மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் அதில் ஏராளம். அவர்களுக்குப் பெயர்ப் பலகை இல்லை. தமிழர்களுக்காக அங்கே ஒரு நடுகல் எழுந்தது 2023-ல்தான்! எண்பது வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் இத்தனை காலமும் அந்த ஊரில் சுற்றுலாவுக்குக் குறைவில்லை. ஆண்டுதோறும் பாலத்தில் வெடியும் வெளிச்சமுமாக ஒலி-ஒளிக் காட்சி நடக்கும். பக்கத்தில் தின்பண்டக் கடைகள் களைகட்டும். யாரை நினைப்பது என்பதைக் கூட்டமும் கல்லும் தீர்மானித்துவிட்டன. கல் இல்லாதவன் கதையிலும் இல்லாமல் போனான்.

நீலகிரியிலும் கல் இல்லாதவர்கள் பலர். தென்னாப்பிரிக்காவில் 1899 முதல் 1902 வரை நடந்த போயர் போரில் பிடிபட்ட கைதிகளை ஆங்கிலேயர்கள் கப்பலேற்றி இந்தியாவுக்கும் அனுப்பினார்கள். கேத்தியிலும் வெலிங்டனிலும் முகாம் இருந்தது. அதே போரில் நேட்டாலில் காந்தி சேர்த்த ஆம்புலன்ஸ் படையில் சுமார் 1,100 பேர் காயம்பட்டவர்களைத் தூக்கிச் சுமந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலிகள், தமிழர்களும் அதில் உண்டு. யோசித்துப் பாருங்கள். தமிழன் அங்கே போய் ஸ்ட்ரெச்சர் தூக்குகிறான், போயர் விவசாயி இங்கே வந்து நீலகிரி மூடுபனியில் உட்கார்ந்திருக்கிறான். இரண்டு பேருக்கும் சம்பந்தமில்லாத ஒரு சாம்ராஜ்யத்தின் கணக்கு!

அப்புறம் சீனர்கள். நடுவட்டத்தில் சின்கோனா தோட்ட வேலைக்கும் தேயிலை வேலைக்கும் சீனக் கைதிகளைப் பயன்படுத்தினார்கள். அபினிப் போரில் பிடிபட்ட போர்க்கைதிகள் என்று எஸ்டேட் வட்டாரத்தில் ஒரு கதை ஓடும். ஆவணங்களோ மலாக்கா நீரிணைப் பகுதியிலிருந்து மெட்ராஸ் மாகாணச் சிறைகளுக்கு அனுப்பப்பட்ட குற்றக்கைதிகள் என்கின்றன. போர்க்கைதி என்றால் டீ பாக்கெட்டின் விளம்பரத்துக்கு நன்றாக இருக்கும். ஆனால் நல்ல வழிகாட்டி விளம்பரத்தைச் சொல்ல மாட்டார், தெரிந்த உண்மையைச் சொல்வார்.

இலங்கையிலிருந்து வந்தவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது? 1964-ல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் 1968 முதல் தொடங்கின. இன்று டான்டீ என்று பாக்கெட்டில் வருவது அதுதான். 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு பயந்து வந்தவர்களும் உண்டு. குன்னூர், கோத்தகிரி, கூடலூர் லைன் வீடுகளில் தேங்காய்ச் சம்பலும் ரொட்டியும் இன்றும் கண்டி, நுவரெலியாவின் வாசனையோடு இருக்கின்றன. அவர்களுக்கு நினைவுத்தூண் கிடையாது. அவர்கள் சமையல்தான் அவர்களுடைய நினைவுத்தூண். நடையில் ஒரு நிறுத்தம் அவர்கள் கையால் செய்த சம்பலாக இருந்தால், அது நொறுக்குத் தீனியா வரலாறா?

ஆக, போரைப் புகழ்வதற்கு அல்ல, போர் யார் யாரையெல்லாம் எங்கெங்கே தூக்கி வீசியது என்று காட்டுவதற்குத்தான் இந்த நடை. அப்படிச் செய்தால் இரண்டாவது எதிர்ப்புக்கும் பதில் கிடைத்துவிடும்.

எப்படி நடத்தலாம்?

நல்ல யோசனையெல்லாம் நடைமுறையில்தான் கெட்டுப்போகும். அதனால் சில நிபந்தனைகள்.

ஒன்று, வழிகாட்டி உள்ளூர்க்காரராக இருக்க வேண்டும். ஓய்வுபெற்ற சிப்பாய், படுகர் ஊரின் பட்டதாரி, எஸ்டேட் லைனில் வளர்ந்த கல்லூரி மாணவி... இவர்களுக்குத்தான் வேலை போக வேண்டும். சமவெளியிலிருந்து மைக்கோடு வந்து இறங்கும் ஏஜென்ட்டுக்கு அல்ல.

இரண்டு, கன்டோன்மென்ட் என்பது பூங்கா இல்லை. நினைத்த இடத்தில் நுழைய முடியாது, படம் எடுக்க முடியாது. ராணுவத்தின் அனுமதியோடு, குறித்த நாளில், சிறு குழுவாக மட்டுமே போக வேண்டும். நினைவிடத்தின் முன் செல்பி கிடையாது. கையில் தின்பண்டமும் கிடையாது. சாப்பாடு கடையில், உட்கார்ந்து.

மூன்று, மாலை என்றால் நாலு மணிக்குத் தொடங்கி இருட்டுவதற்குள் பஜாருக்கு வந்துவிட வேண்டும். குன்னூர்ப் பக்கம் காட்டெருமை சாலையில் நிற்கும், கரடி கடைக்கதவைத் தட்டும். இது தமாஷ் இல்லை, அங்கே இருப்பவர்களைக் கேட்டால் தெரியும்.

நான்கு, படுகர் வீட்டுக் கேழ்வரகுக் களியும் அவரைக் குழம்பும் பட்டியலில் இருக்கட்டும். ஆனால் அதைச் சமைக்கும் பெண்களுக்கு உரிய விலை கொடுத்து. 'பாரம்பரிய உணவு' என்று ஓட்டல்காரர் பணம் பண்ண, சமைத்தவர் கூலி வாங்கிப் போவது பழைய எஸ்டேட் கதையின் மறுபதிப்பாகிவிடும்.

கடைசியாக ஒரு காரணம். வண்டிகளின் நெரிசல் தாங்காமல் 2024 மே மாதம் நீலகிரிக்கு இ-பாஸ் முறை வந்தது. உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் சீசனுக்கு நாளொன்றுக்கு 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 என்று எல்லை போட்டது. மலை இனி வண்டிகளைத் தாங்காது. பத்து இடத்தை நாலு மணி நேரத்தில் காரில் சுற்றுவதைவிட, ஒரு மாலையில் சில கிலோமீட்டர் நடந்து, நாலு பேருடைய கதையைக் கேட்டு, அந்த ஊர்க் கடையில் காசு கொடுத்துச் சாப்பிடுவது மலைக்கும் நல்லது, மனிதருக்கும் நல்லது.

தூண்களில் பெயர் உள்ளவர்களை ராணுவம் பார்த்துக்கொள்ளும். வருடா வருடம் மலர்வளையம் வைக்கும், ஊதுகொம்பு ஒலிக்கும். பெயர் இல்லாதவர்களை யார் பார்த்துக்கொள்வது? தேயிலை பறித்தவள், கம்பளி கொடுத்தவன், கடல் கடந்து வந்து மறுபடி கூடை தூக்கியவர்கள். அவர்களுக்கு அரசாங்கம் கல் நடும் வரை காத்திருக்க வேண்டாம். ஒரு மாலை அவர்கள் ஊரில் நடந்து, அவர்கள் சொல்வதைக் கேட்டு, அவர்கள் கையால் சாப்பிடுவதே ஒரு படையல்தான்.